மூடாத புகைபோக்கி

சிட்னி
1994 செப்டம்பர் 4

அன்புள்ள தம்பி தன்னூஸுக்கு,

அண்ணி வர்தே எழுதுவது. ஆண்டவர் கருணையால் நானும் மகள் நுஹாத்தும் சுகம். நீயும் ஹன்னேயும் அங்கே சுகமாக இருக்கவேண்டும். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, உங்கள் முகங்களைப் பார்க்க முடியாத குறை தவிர.

இங்கே இப்போதுதான் குளிர் விட்டு மரங்கள் துளிர்க்கின்றன. ஒன்பது வருடமாகியும் எனக்குப் பழகவில்லை. செப்டம்பர் வந்தால் மனசு நம் மலைக்குப் போய்விடுகிறது. ஆப்பிள் பறித்து முடிந்ததும் ஐன் ஜோஸ் ஊர் முழுக்கக் கதவடைத்துக் கடற்கரைக்கு இறங்கிவிடுமே, அதற்குள் நம் வீட்டைப் பனிக்குத் தயார் செய்யவேண்டுமே என்ற பதைப்பு.

போன குளிரில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்ததாக எழுதியிருந்தாய். இந்த முறை ஒட்டுப்போடாதே. ஊற்றுத் தொட்டியிலிருந்து சமையலறை வரைக்கும் புதுக்குழாய் போடு. ஒரு கை ஆழம் தோண்டிப் புதைத்தால் எந்தப் பனியும் அதைத் தொடாது. கீழ்ப் பாத்தியில் வாதுமை மரத்தை ஒட்டி நேராகக் கொண்டுவந்தால் தூரமும் குறைவு.

அப்புறம் புகைபோக்கி. கூரை வழியாக மழையும் பனியும் உள்ளே இறங்கி இரும்புக் கணப்பே துருவேறிப் போயிருக்கும். நாங்கள் கடைசியாக வீட்டை மூடிய வருடம் நீ மேலே ஏறிக் கல் வைத்து, சுண்ணாம்பு பூசி மூடினாயே, அந்தக் குளிரில் ஒரு சொட்டுக்கூட உள்ளே வராது என்று உன் அண்ணன் புத்ரோஸ் மெச்சிக்கொண்டார். அதே மாதிரி மூடு. இதை வருடா வருடம் எழுதுகிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறாய், இதற்கு மட்டும் எழுதுவதில்லை.

மகன் லபீபின் அறையில் படுக்கையைச் சுருட்டாதே. அவன் காணாமல் போய் இந்த டிசம்பரோடு பத்து வருடம். எனக்குத் தெரியாமல் இல்லை. போரில் சோதனைச் சாவடியில் பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகள் பலர் இன்னும் எங்கெங்கோ சிறைகளில் இருப்பதாக இங்கே கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். வருகிறவனுக்கு ஈர வீடு காத்திருக்கக் கூடாது.

ஹன்னேயின் கன்னத்தில் முத்தம்.

வர்தே

*

ஐன் ஜோஸ்
1994 அக்டோபர் 2

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் கையை முத்தமிட்டு எழுதுகிறேன். நாங்கள் நலம். முழங்கால் மழையை எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிடுகிறது, அவ்வளவுதான். உங்கள் இரத்த அழுத்தம் பற்றி நுஹாத் எழுதியிருந்தாள். உப்பைக் குறையுங்கள்.

ஆப்பிள் இந்த வருடம் மோசமில்லை. கல்மழை மேல்பக்கத் தோட்டங்களை அடித்தது, நம் பக்கம் வரவில்லை. உங்கள் கடிதத்தை ஹன்னேக்குப் படித்துக் காட்டினேன். “உங்க அண்ணி கடல் தாண்டி உக்காந்துக்கிட்டே கடப்பாரை பிடிக்கிறாங்க. நீங்க இங்க இருந்துக்கிட்டு இடுப்பப் பிடிச்சிட்டு நிக்கிறீங்க” என்றாள்.

குழாய் போட்டாகிவிட்டது. ஒரு கை இல்லை, ஒன்றேகால் கை ஆழம். ஆனால் கீழ்ப் பாத்தி வழியாக வரவில்லை. நடுவில் பாறை. சாலையோரச் சுவரை ஒட்டிச் சுற்றிக் கொண்டுவந்தேன். தூரம் இரண்டு மடங்கு, ஆனாலும் உறுதி. ஆறு நாள் வேலை.

கூரையில் இரண்டு விரிசல். தார் ஊற்றினேன். வடக்கு ஜன்னல் பலகை ஒன்று உளுத்திருந்தது, மாற்றினேன். நவம்பர் மூன்றாம் வாரம் வீட்டை மூடுகிறேன்.

ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுள் தரட்டும்.

தன்னூஸ்

*

சிட்னி
1994 அக்டோபர் 30

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இருவரும் நலமென்று படித்ததும் நெஞ்சு குளிர்ந்தது. நாங்களும் நலம். உப்பைக் குறைத்தாயிற்று. இப்போது சோற்றுக்கும் மருந்துக்கும் ஒரே ருசி.

எந்தப் பாறை தம்பி? கீழ்ப் பாத்தியில் பன்னிரண்டு வருடம் வெங்காயம் போட்டவள் நான். முழங்கை வரை கையை விட்டால் வெண்ணெய் மாதிரி இருக்கும் அந்த மண். உன் அண்ணன் வாதுமைக் கன்று நட்டபோது குழி வெட்டினது நாம் மூன்று பேரும்தானே? “பாறை தட்டுப்பட்டா பேரை மாத்திக்கிறேன்” என்று அவர் சவால் விட்டார். பேரை மாற்ற வேண்டி வரவில்லை.

சரி, போட்டது போட்டதுதான். வேலையைக் குறை சொல்லவில்லை. ஆறு நாள் தோண்டிய முழங்காலை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, அதனால் கேட்டேன்.

புகைபோக்கிக்கு இந்த முறையும் பதில் இல்லை.

உங்கள் பக்கத்து வீட்டு ரஷீதே மகன் கல்யாணத்துக்காக அடுத்த மாதம் இங்கே வருகிறாள் என்று கேள்வி. அவளிடம் கொஞ்சம் கிஷ்க் தயிர்மாவு கொடுத்தனுப்பு. இங்கே கிடைப்பது கிஷ்க் இல்லை, புளித்த சுண்ணாம்பு.

எல்லோருக்கும் என் ஆசிகள்.

வர்தே

*

ஐன் ஜோஸ்
1994 நவம்பர் 20

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

நலமே. உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறோம். கிஷ்க் இரண்டு பை ரஷீதேயிடம் கொடுத்தாயிற்று. வழியில் பிரித்துத் தின்னாமல் கொண்டுவந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

நேற்று வீட்டை மூடினேன். கூரைத் தொட்டியைக் கவிழ்த்துத் துடைத்தேன். எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, கடைசிச் சொட்டு போகும்வரை ஒவ்வொன்றிலும் வாய் வைத்து ஊதினேன். கழிப்பறைக் குழியில் உப்புக் கொட்டினேன். மெத்தைகளை எலி ஏறாதபடி உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். கம்பளிகளுக்கு நடுவே வாதுமை இலை வைத்தேன். கண்ணாடிச் சாமான்களைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தேன். லபீபின் படுக்கை நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. மூன்று பக்கமும் ஜன்னலில் பலகை அடித்தேன்.

மாலை நான்கு மணிக்குக் கடைசிப் பேருந்து இறங்கியது. இப்போது ஊரில் ஏழு வீட்டில்தான் புகை. கடற்கரையில் சொந்த வீடு இருக்க நாங்கள் ஏன் குளிரில் இங்கேயே கிடக்கிறோம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஹன்னேயும் கேட்கிறாள். “உங்களுக்கு என்ன, பனியோட கல்யாணமா?” என்கிறாள். பழகிவிட்டது அண்ணி.

புகைபோக்கி அப்படியே இருக்கட்டும். பனி உள்ளே விழாமல் வளைந்த குழாயும் கம்பி வலையும் போட்டிருக்கிறேன். கல் வேண்டாம்.

உங்கள் கையை முத்தமிட்டு,
தன்னூஸ்

*

சிட்னி
1994 டிசம்பர் 18

அன்புள்ள தம்பி தன்னூஸுக்கு,

நலமா? ஹன்னே நலமா? எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ரஷீதே கல்யாண அலைச்சல் எல்லாம் முடிந்து நேற்றுதான் என்னைப் பார்க்க வந்தாள். கிஷ்க் கொடுத்தாள், காப்பி குடித்தாள், ஊர்க்கதை பேசினாள். கிளம்பும்போது வாசலில் நின்று, “வர்தே, சொன்னா நீ பயந்துடுவியோன்னு சொல்லாம இருந்தேன்” என்றாள்.

“என்னடி?”

“உன் வீட்டுல யாரோ இருக்காங்கடி. போன ஜனவரியில நான் என் ஆட்டைப் பார்க்க மேல வந்தேன்ல? நடுப்பகல், வானம் பளிச்சுன்னு இருக்கு. உன் புகைபோக்கியில புகை போகுது. ஜன்னல்ல எல்லாம் பலகை. முன்கதவுல பூட்டு. பின்பக்கம் மட்டும் பனியில காலடித் தடம், சமையக்கட்டுக் கதவு வரைக்கும்.”

“தன்னூஸ் எதாவது பழுது பார்க்கப் போயிருப்பான்.”

“பழுது பார்க்க ஒரு வாரம் தினம் தினம் தீ மூட்டுவாங்களா? அதுக்கு முந்தின வருஷமும் இப்படித்தான்னு கழுதைக்கார முராத் சொல்றான். ஊர்ல ஒருத்தரும் அந்தப் பக்கம் போறதில்ல. சிலுவை போட்டுட்டு நடந்துடறாங்க. நான் தட்டிப் பார்த்தேன்டி. உள்ள யாரோ எழுந்திரிக்கிற சத்தம். கதவு மட்டும் திறக்கல.”

தம்பி, ரஷீதே பொய் சொல்கிறவள் இல்லை. கூட்டிச் சொல்வாள், இட்டுக்கட்ட மாட்டாள்.

யார் என் வீட்டில்? ஊருக்கு முகம் காட்ட முடியாத ஒருவன், குளிரில் மட்டும் வந்து போகிறவன், எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு தெரிந்தவன் யார்? உனக்குத் தெரிந்திருந்து, அவன் உயிருக்கு ஆபத்து என்று மறைக்கிறாயா? எனக்கு மட்டும் சொல். நுஹாத்துக்குக்கூட வாய் திறக்க மாட்டேன். நேற்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் இது வேறு மாதிரிப் பசியின்மை. பத்து வருடத்தில் முதல் தடவையாகப் பாட்டு முணுமுணுத்தேன் என்று நுஹாத் சொல்கிறாள்.

உடனே எழுது.

வர்தே

*

சிட்னி
1995 ஜனவரி 15

தம்பி,

நலம் கேட்டு எழுதுகிறேன். ஒரு மாதமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பனி சாலையை மூடியிருக்கும், தெரியும். என் மனசுக்குத்தான் தெரியவில்லை.

விமானச் சீட்டு கேட்டு வைத்துவிட்டேன். “அறுபத்தாறு வயசுல, பனியில, யாரைப் பார்க்கப் போறம்மா?” என்று நுஹாத் அழுகிறாள். அவளிடம் நான் சொல்லவில்லை. வீட்டைப் பார்க்க என்றேன்.

சமையலறைக் கதவை வெளியிலிருந்து பூட்டாதே. உள்ளே ரொட்டியும் எண்ணெயும் வை. விறகு காய்ந்ததாகப் பார்த்து வை, ஈர விறகு நெஞ்சுக்கு ஆகாது, அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. நீ அவனோடு பேசுகிறாய் என்றால், அப்பா போய்விட்டார் என்று பக்குவமாகச் சொல். அம்மா கோபமாக இல்லை என்று சொல். ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கவே மாட்டேன் என்று சொல்.

வர்தே

*

ஐன் ஜோஸ்
1995 பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

நலமாக இருக்க வேண்டுகிறேன். ஐந்து வாரம் சாலை மூடிக் கிடந்தது. உங்கள் இரண்டு கடிதமும் நேற்று ஒன்றாக வந்தன.

வீட்டில் யாரும் இல்லை. தீ மூட்டியது நான். ரஷீதே தட்டியபோது உள்ளே இருந்ததும் நான்தான். திறக்க மனமில்லை.

சீட்டை ரத்து செய்யுங்கள். இந்தக் குளிரில் வராதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

தன்னூஸ்

*

சிட்னி
1995 மார்ச் 5

தம்பி தன்னூஸுக்கு,

நீயும் ஹன்னேயும் நலமென்று நம்புகிறேன்.

சீட்டை ரத்து செய்துவிட்டேன். உன் கடிதம் பத்து வரி. அதைப் பத்து நாள் படித்தேன். நான் ஆறாவதுக்கு மேல் படிக்கவில்லை, ஆனால் யோசிக்க நேரம் நிறைய இருக்கிறது. இங்கே நுஹாத் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை சுவர்தான் துணை.

உனக்குச் சொந்த வீடு இருக்கிறது, அதில் நல்ல கணப்பு இருக்கிறது, முணுமுணுத்தாலும் சூப் வைத்துக் கொடுக்கிற பெண்டாட்டி இருக்கிறாள். ஜனவரியில் ஒரு வாரம் பலகை அடித்த வீட்டுக்குள் போய், தீ மூட்டி, கதவு தட்டினாலும் திறக்காமல் ஏன் உட்கார்ந்திருக்கிறாய்?

முன்பெல்லாம் எல்லோருக்கும் முதலில் நீதான் கடற்கரைக்கு இறங்குவாய். லபீப் காணாமல் போன அந்த வருடத்துக்குப் பிறகு ஒரு குளிருக்கும் இறங்கவில்லை. ஊரே என்னை உம் லபீப், லபீபின் அம்மா என்றுதான் கூப்பிடும். நீயும் அப்படித்தான் கூப்பிடுவாய். இந்த ஒன்பது வருடக் கடிதங்களையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட அந்தப் பேர் இல்லை. வெறும் அண்ணி.

புகைபோக்கியை மூட மாட்டேன் என்கிறாய். வெண்ணெய் போன்ற மண்ணில் பாறை என்கிறாய். இரண்டு மடங்கு தூரம் சுற்றிக்கொண்டு போகிறாய்.

வாதுமை மரத்தடியில் என்ன இருக்கிறது தன்னூஸ்?

வர்தே

*

ஐன் ஜோஸ்
1995 ஏப்ரல் 2

அண்ணி,

இதை உட்கார்ந்து படியுங்கள். நுஹாத் வேலையிலிருந்து வந்தபிறகு படியுங்கள்.

லபீப் அங்கே இருக்கிறான். பத்து வருடமாக அங்கேதான் இருக்கிறான்.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன். தெரியாததை அழகுபடுத்தி எழுத மாட்டேன். அந்த வருடம் நவம்பரில் வீட்டை மூடியது நான் என்பது உங்களுக்குத் தெரியும். அண்ணனுக்கு மூச்சு வாங்கியதால் என்னை ஏறச் சொன்னார். அவர் வழக்கமாக அறைக்குள்ளேயே குழாயின் வாயில் ஒரு சாக்கைத் திணித்து மூடுவார். நான் அதோடு நிற்காமல் கூரைமேல் கல்லை வைத்துச் சுண்ணாம்பு பூசினேன். அந்த யோசனை என்னுடையது. எல்லோரும் இறங்கினோம். டிசம்பரில் பெய்ரூத்திலிருந்து லபீப் வந்த வண்டியைச் சாவடியில் நிறுத்தினார்கள் என்ற செய்தி வந்தது. பிப்ரவரியில் அண்ணன் நெஞ்சுவலியில் போனார். மார்ச் பதினெட்டாம் தேதி சாலை திறந்ததும், கூரையில் பனி எவ்வளவு என்று பார்க்க நான் தனியாக மேலே வந்தேன். காலை பத்து மணி இருக்கும்.

சமையலறை ஜன்னல் பலகை பெயர்ந்திருந்தது. கொள்ளைக்காரர்கள் என்று நினைத்து ஒரு தடியை எடுத்துக்கொண்டு போனேன்.

அவன் கணப்புக்கு முன்னால் தரையில், இரண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டு, பக்கவாட்டில் படுத்திருந்தான். தூங்குகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். “டேய் லபீப், எழுந்திருடா, ஊரே உன்னைத் தேடுது” என்று சத்தமாகச் சொன்னேன். அந்தக் குளிரில் அவன் முகம் அப்படியே இருந்தது அண்ணி. வலி இல்லை, பயம் இல்லை. யார் அவனை விட்டார்கள், எப்படித் தப்பி வந்தான், எத்தனை நாள் நடந்தான், எனக்குத் தெரியாது. ஒரு காலில் ஒரு மாதிரி ஷூ, இன்னொரு காலில் வேறு மாதிரி. நீங்கள் எல்லோரும் மேலே இருப்பீர்கள் என்று வந்தானா, கடற்கரைச் சாலைக்குப் பயந்து வந்தானா, அதுவும் தெரியாது. உடம்பில் அடிபட்ட தழும்புகள் இருந்தன, எல்லாம் ஆறியவை.

கணப்பில் கருவாலி விறகின் சாம்பல். குழாயின் வாயிலிருந்த சாக்கை எடுத்து நான்காக மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தான். அப்பா வழக்கமாக மூடுவது அது ஒன்றுதான் என்று அவனுக்குத் தெரியும். மேலே கல் இருப்பது தெரியாது. சுண்ணாம்பு ஒரு ஓரத்தில் விண்டிருந்தது. அதனால் பற்ற வைத்தபோது புகை ஓரளவு வெளியே போயிருக்கிறது. முழுக்க அடைத்திருந்தால் புகை திரும்பி வந்து அவனை இருமவாவது வைத்திருக்கும், எழுந்து வெளியே ஓடியிருப்பான். கனல் அமர்ந்தபிறகு வருகிற அந்தக் கெட்ட காற்றுக்கு வாசனை இல்லை. அதற்குப் போக வழி இல்லை.

மேசையில் நீங்கள் போட்ட அத்திப்பழ ஜாம் ஜாடி ஒன்று பாதி காலியாக இருந்தது. கரண்டியைப் பனியில் துடைத்து, துணிமேல் கவிழ்த்து வைத்திருந்தான்.

கூரைமேல் ஏறிக் கல்லை உடைத்தேன். அது எதற்கு என்று கேட்காதீர்கள். முதலில் அதைத்தான் செய்தேன்.

உடனே இறங்கி உங்களிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லத்தான் புறப்பட்டேன். அண்ணனின் நாற்பதாம் நாள் முடியவில்லை. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் நீங்கள் என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? “தன்னூஸ், அவரு போயிட்டாரு. என் பிள்ளை எங்கயோ உயிரோட இருக்கான்ற ஒரே நினைப்புலதான் நான் ரொட்டி திங்கிறேன்” என்றீர்கள். கையில் ரொட்டி இருந்தது. பனி எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். நிறைய இருக்கிறது என்றேன்.

மறுநாள் அபூனா இலியாஸிடம் பாவமன்னிப்பில் சொன்னேன். கிழவர் என்னோடு மேலே ஏறி வந்தார். அவர் செபம் சொன்னார், தூபம் போட்டார், நான் தோண்டினேன். எதையும் குறைக்கவில்லை அண்ணி, ஒரு கிறிஸ்தவனுக்குச் செய்யவேண்டிய எல்லாம் செய்தோம். திரும்பும்போது அவர் சொன்னார்: “பாவமன்னிப்புல கேட்டது என் வாயைக் கட்டிப் போட்டிருக்கு தன்னூஸ், நான் சொல்ல முடியாது. நீதான் சொல்லணும். ஒவ்வொரு வருஷம் தள்ளிப்போடப்போட சொல்றது கஷ்டமாத்தான் ஆகும், லேசாகாது.” ஈஸ்டருக்குப் பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு கோடையில் என்றேன். ஜூலையில் நுஹாத் வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அபூனாவும் நான்கு வருடம் முன்னால் போய்விட்டார். நல்லவன் மாதிரி எழுத மாட்டேன். உங்களுக்காக மட்டும் மறைக்கவில்லை. கல் வைத்தது யார் என்று நீங்கள் கேட்பீர்களே என்றும்தான் மறைத்தேன்.

அவன் எந்த நாளில் வந்தான் என்று எனக்குத் தெரியாது. சாம்பலையும் பனியையும் வைத்துப் பார்த்தால் ஜனவரி நடு என்று தோன்றுகிறது. அதனால் அந்த வாரம் முழுக்கப் போய்த் தீ மூட்டுகிறேன். அவன் பெயரில் ஒரு பூசைகூட வைக்க முடியாதவனுக்கு வேறென்ன செய்யத் தெரியும்? வெளியே நின்று புகை போகிறதா என்று பார்ப்பேன். பிறகு உள்ளே போய் உட்காருவேன். குளிரில் வேறு யாராவது வழி தவறி வந்து அந்த வீட்டில் தீ மூட்டினாலும் மூட்டலாம் என்றுதான் ஊரைவிட்டு இறங்குவதில்லை.

போன வாரம் ஹன்னேயிடம் சொன்னேன். அடுப்பை அணைத்தாள். பிறகு, “பத்து வருஷமா என் பக்கத்துல படுத்திருந்தது யாரு?” என்றாள். அவள் இப்போது தங்கை வீட்டில் இருக்கிறாள்.

அவனுடைய கைக்கடிகாரமும் அடையாள அட்டையும் என்னிடம் இருக்கின்றன.

மன்னிப்பு கேட்டு எழுதவில்லை. அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை?

தன்னூஸ்

*

ஐன் ஜோஸ்
1995 மே 17

அண்ணி,

உடம்பு எப்படி இருக்கிறது? உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வரவேண்டும் என்று கேட்கவும் இல்லை. ஆனால் கடிதம் கிடைத்ததா, அதைப் படித்து உங்களுக்கு ஏதும் ஆகிவிடவில்லையே என்று நுஹாத்தையாவது ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

பனி உருகிவிட்டது. கடற்கரையிலிருந்து குடும்பங்கள் ஏறத் தொடங்கிவிட்டன. எல்லா வீட்டிலும் பலகைகளைப் பெயர்க்கிற சத்தம். நம் வீட்டில் நான் இன்னும் கை வைக்கவில்லை. திறக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஹன்னே திரும்பி வந்துவிட்டாள். சமைக்கிறாள், பேசுவதில்லை. நேற்று காலை எனக்குத் தெரியாமல் கீழ்ப் பாத்திக்குப் போய் வாதுமை மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போகவில்லை.

தன்னூஸ்

*

சிட்னி
1995 ஜூன் 3

தன்னூஸ்,

நலமா என்று எழுதி நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். அதனால் கேட்காமலே எழுதுகிறேன்.

உன் கடிதம் ஏப்ரல் இருபத்து மூன்றாம் தேதி வந்தது. நீ சொன்னபடி நுஹாத்துக்காகக் காத்திருக்கவில்லை. சமையலறையில் நின்றபடியே படித்தேன். நேற்றோடு நாற்பது நாள். கறுப்பு உடுத்தினேன். ஏன் என்று நுஹாத் கேட்டாள், ஊரில் ஒரு பையன் இறந்துவிட்டான் என்றேன். உன்னைப் போல எனக்கும் மறைக்க வருகிறதா என்று பார்த்தேன். வருகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. நேற்று ராத்திரி அவளிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவள் தம்பியின் பெயரைச் சொல்லி அழுதது பத்து வருடத்தில் இதுதான் முதல் தடவை. இத்தனை நாள் எனக்காக அவள் அழாமல் இருந்திருக்கிறாள்.

உனக்கு உரிமை இல்லை தன்னூஸ். என் பிள்ளையை எனக்குத் தெரியாமல் புதைக்க உனக்கு உரிமை இல்லை. பத்து வருடம் நான் தெருவில் ஒவ்வொரு இளைஞனின் முகத்தையும் பார்த்தேன். அவனை யாராவது அடிக்கிறார்களோ என்று தூக்கத்தில் கத்தினேன். அவனை ஒருவரும் அடிக்கவில்லை, அவன் என் வீட்டில் இருந்தான் என்று உனக்குத் தெரிந்திருந்தது. காலையில் எழுந்ததும் உன்னை வெறுக்கிறேன். சாயங்காலம் ஆனால், பனியில் நீ தனியாகத் தோண்டியது கண்முன்னால் வருகிறது. அப்போது வெறுக்க முடியவில்லை. மறுநாள் காலை மறுபடி முதலிலிருந்து.

கல்லை நீ கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஒன்பது வருடம் அதையே மறுபடி வை, மறுபடி வை என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்தவள் நான். அந்தக் கடிதங்களை நீ எப்படிப் படித்தாய்?

ஜாடிகளைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அந்த வருடம் இரண்டு விதம் போட்டேன். ஒன்று எள்ளும் சோம்பும் சேர்த்தது, சிவப்புத் துணி கட்டியது. இன்னொன்று வெறும் சர்க்கரை. அவனுக்குச் சோம்பு என்றால் உயிர். எந்தத் துணி என்று யோசித்துச் சொல். நினைவில்லை என்றால் நினைவில்லை என்று சொல். எனக்காக ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லாதே.

நானும் நுஹாத்தும் ஜூலை பதினான்காம் தேதி வருகிறோம். அதற்குள் நீ செய்யவேண்டியது ஒன்றுதான். ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நிற்கும்போது, நீயே, உன் வாயால், ஊருக்குச் சொல். ரஷீதே இருக்கும்போது சொல். நான் வந்து இறங்கியபின் யாரும் என்னிடம், உன் மகனைப் பற்றித் தகவல் உண்டா என்று கேட்கக் கூடாது. அதன்பிறகு துக்க மணி அடிக்கச் சொல், அவன் வயதுக்கு எத்தனை முறை அடிக்க வேண்டுமோ அத்தனை. அவனை எங்கே வைப்பது என்று நான் வந்து முடிவு செய்கிறேன். அதுவரை ஒரு மண்ணாங்கட்டியைக்கூட நகர்த்தாதே. ஹன்னேயை அவள் விருப்பத்துக்கு விடு.

விமான நிலையத்துக்கு வேறு யாரையும் அனுப்பாதே. நீயே வா. நுஹாத் பின்னால் உட்காருவாள். நான் முன்னால் உன் பக்கத்தில் உட்காருவேன். மலைக்கு ஏற மூன்று மணி நேரம். என்ன பேசுவேன் என்று எனக்கு இப்போது தெரியவில்லை. நான் பேசினால் பதில் சொல். பேசாவிட்டால், பேசாமல் வண்டியை ஓட்டு.

வர்தே